மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிறதா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் ஒரே பதில்தான் கிடக்கிறது: சந்தேகம் வந்த அன்றைக்கே நகல் எடுங்கள், சோதனையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அதை வரிசை மாற்றிச் செய்தவர்கள் கடையில் கலங்கி நின்றதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

மடிக்கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். 4 ஜிபி நினைவகத்தில் விண்டோஸ் 10 ஓடும் பழைய இயந்திரம், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் திணறத்தான் செய்யும். 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் கடைக்கு வருகின்றன. அவற்றில் பாதியில் டிஸ்க்குக்கு ஒரு குறையும் இருப்பதில்லை, வயதும் சுமையும்தான் காரணம்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். 100 சதவீதம் என்று காட்டும்போது கீழே படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் நொடிக்குப் பல எம்பி என்று ஓடிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் டிஸ்க்கை வேலை வாங்குகிறது. வைரஸ் தடுப்பானாக இருக்கலாம், விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம். ஆனால் 100 சதவீதம் என்று காட்டியபடியே வேகம் சுழியத்தில் நின்று, சராசரி பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி நொடிகளுக்கு ஏறினால், டிஸ்க் ஏதோ ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது மவுஸின் அம்பு நகரும், சொடுக்கினால் எதுவும் திறக்காது. அரை நிமிடம் கழித்து, அதுவரை சொடுக்கியதெல்லாம் மொத்தமாகத் திறந்து கொட்டும். இந்த உறைதல் ஒரே கோப்பைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிஸ்க்கிலிருந்து சத்தம் வருகிறது. எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும்?

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடிபோல் வழவழப்பான தட்டுகள் சுழல்கின்றன. மடிக்கணினி டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 90 சுற்று. அந்தத் தட்டின்மேல், தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். இவ்வளவு நெருக்கத்தில் வேலை செய்யும் பொருள் சத்தத்தை மாற்றுகிறது என்றால், காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

விசிறிச் சத்தத்தையும் டிஸ்க் சத்தத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறு முனையை, தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை படும் இடத்திலும் வையுங்கள். பெரும்பாலான பழைய மாடல்களில் டிஸ்க் அதற்கு அடியில் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும். விசிறி காற்று வெளிவரும் பக்கம் இருக்கும்.

மூடும்போதோ சும்மா இருக்கும்போதோ மெல்லிய ஒற்றை ‘டிக்’ கேட்டால் கவலை வேண்டாம். முனை தன் இருப்பிடத்தில் போய் அமர்கிற ஓசை அது. கோப்பு திறக்கும்போது வரும் கறகறப்பும் இயல்பானதுதான், முன்பிருந்தே அப்படித்தான் இருந்தது என்றால்.

தாளம் தப்பாமல் ‘டக்… டக்… டக்…’ என்று கேட்டால் நிலைமை வேறு. முனை தட்டில் தன் இடத்தை அடையாளம் காண முடியாமல் திரும்பிப்போய், மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு தோற்ற முயற்சி. கீச்சென்ற மெல்லிய முனகல் வந்து, தட்டு சுழலும் அதிர்வே கையில் தெரியவில்லை என்றால், முனை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். உரசுகிற, சுரண்டுகிற ஓசை கேட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள். முனை தட்டின்மேல் பட்டுவிட்டது. அது சுரண்டி எடுக்கும் காந்தப் பூச்சில்தான் உங்கள் படங்கள் இருக்கின்றன.

முதலில் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு நகல் எடுக்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முழுச் சோதனை என்பது டிஸ்க்கின் ஒவ்வோர் இடத்தையும் படிக்கச் சொல்வது. 500 ஜிபி டிஸ்க் நன்றாக இருந்தாலே அதற்குச் சில மணி நேரம் ஆகும். நோயுற்ற டிஸ்க்குக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சில மணி நேரமாகவே இருக்கலாம். அதைச் சோதனையில் செலவழித்தால், முடிவில் உங்கள் கையில் இருப்பது ‘ஆம், பழுதுதான்’ என்ற ஒரு வரி மட்டும்.

போன ஆடியில் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். அவர்களுடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் கடைக் கணக்குப் பார்த்தவர். கடைசிக் காலத்தில் அவர் ரங்கூன் நாட்களைப் பற்றிப் பேசியதைப் பேரன் பதிவு செய்து மடிக்கணினியில் வைத்திருந்தான். பழைய பேரேட்டுப் பக்கங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு அதே டிஸ்க்கில் இருந்தன. தாள்கள் அதற்குப் பிறகு கறையானுக்குப் போய்விட்டன. யாரோ சொன்னார்கள் என்று இரண்டு இரவுகள் செக்டிஸ்க் என்ற விண்டோஸ் சோதனைக் கருவியை ஓட்டிவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

படிக்க முடியாத செக்டர்களின், அதாவது தட்டில் தரவு எழுதப்படும் சிறு இடங்களின், எண்ணிக்கை 8 என்று இருந்த நாளில் திரையைப் பேரன் எடுத்த படம் ஒன்று ஆச்சியின் கைப்பேசியில் இருந்தது. என் மேசைக்கு வந்தபோது அது 1,344. “அப்பச்சி குரல் மட்டும் வந்தால் போதும் தம்பி” என்றார்கள். வேறு எதையும் தொடாமல் அந்த ஒரு கோப்புறையை மட்டும் எடுத்தேன். பதினான்கு பதிவுகளில் பதின்மூன்று வந்தன. பதினான்காவது பாதிக்குமேல் போய் நின்றது, பச்சைக் கோடு அசையவில்லை. நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, இரவு முழுக்க ஆறவிட்டு, விடியற்காலைக் குளிர்ச்சியில் மறுபடி போட்டேன். வந்துவிட்டது. பேரேட்டுப் பக்கங்களில் ஏறத்தாழ கால் பகுதி வரவில்லை. அந்த இரண்டு இரவுகள் செக்டிஸ்க் ஓடாமல் இருந்திருந்தால் அவையும் வந்திருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

அப்படியானால் நகலை எந்த வரிசையில் எடுப்பது?

திரும்பக் கிடைக்காததை முதலில். வீட்டு விசேஷப் படங்கள், குரல் பதிவுகள், முறைச்சிட்டை எழுதிய கோப்புகள், பத்திரங்களின் ஸ்கேன், கடை வைத்திருந்தால் டேலி கணக்கு மென்பொருளின் தரவு. இவற்றில் அளவில் சிறியவற்றை முன்னால் எடுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசி. விண்டோஸையும் மென்பொருள்களையும் நகல் எடுக்கவே வேண்டாம், அவற்றை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் போடாதீர்கள். ஒவ்வொரு கோப்புறையாக எடுங்கள். ஒன்றில் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அடம்பிடிக்கும் கோப்புக்குக் கடைசியில் வரலாம். நகல் வேறொரு டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ போக வேண்டும். சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை அறிவேன். அவை இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்.

நிலை மோசமாக இருந்தால், கோப்பு கோப்பாக எடுப்பதைவிட டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது நல்லது. லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. நல்ல இடங்களை முதல் சுற்றில் வேகமாக எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றிடம் திரும்பிவரும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் இருப்பதும் அழிந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நகல் எடுத்துவிட்டேன். இப்போது எப்படிச் சோதிப்பது?

விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டை இவை படித்துக் காட்டுகின்றன. அந்தக் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர்.

வரிசையாகப் பல எண்கள் வரும். எல்லாவற்றையும் பார்த்து மிரள வேண்டாம். நான் முதலில் பார்ப்பது மூன்று: 05, சி5, சி6. டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போனால், அதற்குப் பதிலாக ஒதுக்கி வைத்த உபரி இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். அப்படி மாற்றப்பட்டவற்றின் கணக்கு 05. படிக்க முடியவில்லை, ஆனால் இன்னும் மாற்றவும் இல்லை என்று காத்திருக்கும் இடங்களின் கணக்கு சி5. டிஸ்க் தானே சோதித்தபோதும் மீட்க முடியாதவை சி6. மூன்றுமே சுழியமாக இருக்க வேண்டும்.

இவற்றின் கடைசிப் பத்தியில் உள்ள மூல மதிப்பைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும், அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் பார்த்து ‘10’ என்பதைப் பத்து என்று படித்தவர்கள் உண்டு, அது பதினாறு. புதிய டிஸ்க்குகளில் சி5 பெரும்பாலும் 8, 16, 24 என்று எட்டின் மடங்காக ஏறும். உள்ளே 4096 பைட்டுகளாக இருக்கும் ஓர் இடத்தை வெளியே 512 பைட்டு வீதம் எட்டாகக் கணக்குக் காட்டுவதால் அப்படி.

ஒரு நாள் எண்ணைவிட அது ஏறும் விதம் முக்கியம். ஒரு தாளில் தேதி போட்டு மூன்று எண்களையும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். 05 என்பது 3 என்று இருந்து ஓராண்டாக 3-ஆகவே நிற்கும் டிஸ்க்குகள் உண்டு, நகலோடு வைத்துப் பயன்படுத்தலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் வைக்கக் கூடாது.

தரவு போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகளின் கணக்கு சி7. அது மட்டும் ஏறி மற்றவை சுழியமாக இருந்தால், பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியின் தாய்ப்பலகையோடு இணைக்கும் கேபிளோ இணைப்பு முனையோதான் குற்றவாளி. அதற்காக டிஸ்க்கை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரிலும் சாட்சி கிடைக்கும். சிஸ்டம் பதிவுகளில் டிஸ்க் என்ற பெயரில் 7 என்ற எண்ணோடு பிழைகள் வரிசையாக இருந்தால், கெட்ட இடம் இருப்பதாக விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. 153 என்ற எண், ஒரு வேலையை டிஸ்க்கிடம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் குறிக்கும்.

எல்லாம் ‘குட்’ என்று நீல நிறத்தில் காட்டுகிறது. நிம்மதியாக இருக்கலாமா?

கெடுதல் சொன்னால் நம்புங்கள், நல்லது சொன்னால் பாதி நம்புங்கள். 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றில்கூட முன்னறிவிப்புத் தரவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: தட்டைத் தானே சோதித்துப் பார்க்கும்போது முதல் பிழை (ஸ்கேன் பிழை) வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். நான் முதல் பிழையிலேயே நகல், நகல் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

செக்டிஸ்க் ஓட்டவே கூடாதா?

நகல் கையில் இருந்தால் ஓட்டலாம். செக்டிஸ்க் கோப்புகளின் அட்டவணையைச் சரிசெய்கிற கருவி. தட்டில் விழுந்த கீறலை அது ஆற்றாது. அட்டவணையைச் சரிசெய்கிறேன் என்று பெயரில்லாத துண்டுகளாகக் கோப்புகளை ஒரு மூலையில் குவித்துவிடுவதும் உண்டு. மின்சாரம் திடீரென்று போய் விண்டோஸ் குழம்பியிருக்கிறது, ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருக்கின்றன என்றால், அங்கே அது நல்ல கருவிதான்.

ஃபார்மட் செய்தபின் சி5 சுழியமாகிவிட்டது. சரியாகிவிட்டதுதானே?

இல்லை. டிஸ்க் முழுவதும் எழுதும்போது, காத்திருந்த இடங்களின் தலைவிதி அந்த நேரத்துக்குத் தீர்மானமாகிவிடுகிறது. சில இடங்கள் எழுதப்பட்டுத் தேறும், மற்றவை 05-க்குள் போகும். பட்டியல் காலியானது, நோய் போகவில்லை. பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் சி5-ஐ மட்டும் பார்க்காமல் 05-ஐயும் ஓடிய மணி நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்கிறார்களே?

வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்த மறுகணம் உள்ளேயும் புறமும் நீர் கோக்கும். சில நானோமீட்டர் இடைவெளியில் முனை மிதக்கிற தட்டில் ஒரு நீர்த்துளி என்ன செய்யும் என்று யோசியுங்கள். தட்டுவதும் குலுக்குவதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் இதே வகை. திறக்க வேண்டுமென்றால் தூசி வடிகட்டப்பட்ட அறை வேண்டும். என் கடையில் அது இல்லை, அதனால் நானும் திறப்பதில்லை.

நம் ஊர் வெயிலும் கரண்டும் டிஸ்க்கைப் பாதிக்கின்றனவா?

பாதிக்கின்றன, ஆனால் வெயிலைவிட மெத்தைதான் மோசம். மடிக்கணினி டிஸ்க்குகள் பெரும்பாலும் 60 டிகிரி வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். சித்திரை மதியத்தில், மெத்தைமேல், காற்றுவழி அடைபட்டு ஓடும் கணினியில் அந்த எல்லையை நெருங்குவதை நானே அளந்திருக்கிறேன். பழைய வீட்டுக்காரர்கள் பட்டாலையில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டால் போதும், அந்தச் சுண்ணாம்புச் சுவர்களின் குளிர்ச்சிக்கு ஈடு இல்லை. தரையில் தவறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கல் எதையும் மன்னிக்காது.

கரண்ட் விஷயத்தில் பலர் கவனிக்காதது பேட்டரி. பேட்டரி செத்தபின் சார்ஜரிலேயே ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் டிஸ்க் பாதி வேலையில் நிறுத்தப்படுகிறது. தட்டு சுழன்று ஓய்வதற்குள், அந்தச் சுழற்சியில் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டே முனையை அவசரமாக இருப்பிடத்துக்கு இழுத்துக்கொள்ளும். சி0 என்ற எண்ணில் இந்த அவசர நிறுத்தங்களின் கணக்கு இருக்கும். புதுப் பேட்டரி வாங்குவது டிஸ்க்குக்குச் செய்யும் வைத்தியமும்தான்.

பயோஸிலேயே டிஸ்க் தெரியவில்லை. முடிந்ததா?

பயோஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே, கணினியைப் போட்டதும் ஓடும் அடிப்படை மென்பொருள். முதலில் டிஸ்க்கைக் கழற்றி இணைப்பைத் துடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். வேறொரு கணினியில் யுஎஸ்பி கேபிள்வழி போட்டுப் பாருங்கள். அங்கே தெரிந்தால் பழுது கணினியில். அங்கேயும் தெரியாமல் ‘டக் டக்’ என்றும் கேட்டால், மேலே எதுவும் முயலாமல் தரவு மீட்கும் நிறுவனங்களிடம் கொடுப்பதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். செலவு கணிசமாக ஆகும், வெற்றிக்கு யாரும் உறுதி தர முடியாது. உறுதி தருகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

எஸ்எஸ்டி போட்டுவிட்டால் இந்தக் கவலைகள் இல்லைதானே?

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க். வேகம் கிடைக்கும், அதிர்ச்சியைத் தாங்கும், பழைய கணினிக்கு நான் முதலில் சொல்லும் மாற்றமே அதுதான். ஆனால் எஸ்எஸ்டி சத்தம் போட்டு எச்சரிக்காது. நேற்று ஓடியது இன்று பயோஸில் இல்லை என்று கொண்டுவருகிறார்கள். சில, படிக்க மட்டும் விட்டு எழுத மறுக்கும் நிலைக்குப் போகும், அது நகல் எடுத்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. அழித்த கோப்புகளை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பதும் கடினம், ட்ரிம் என்ற ஏற்பாடு அந்த இடங்களைத் துடைத்துவிடும். வருடக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் பெட்டகத்தில் பூட்டி வைக்கவும் அது ஏற்றதல்ல.

எத்தனை நகல் வேண்டும்?

வீட்டில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு டிஸ்க் கொடுத்து வையுங்கள், அல்லது இணையச் சேமிப்பில் போடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்கள் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் ஆனபோது, அங்கே மைக்ரோஃபிலிமில் நகல் எடுக்கும் வேலையும் நடந்தது. தாளை நம்பி மட்டும் அவர்கள் இருக்கவில்லை. நம் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கும் அதே மரியாதை வேண்டும்.

கடைக்குக் கொண்டுவரும்போது எப்படிக் கொண்டுவருவது?

மூடியை மட்டும் மூடிவிட்டு வராதீர்கள். தூங்கும் நிலையிலிருந்து சில கணினிகள் பையின் உள்ளேயே விழித்துக்கொள்கின்றன. தட்டு சுழலும்போது பைக் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும். முழுதாக நிறுத்தி, ஒரு துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். சார்ஜரும் கடவுச்சொல்லும் வேண்டும், காலியான டிஸ்க் ஒன்று இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். எந்தக் கோப்புறை முதலில் வேண்டும் என்பதை வீட்டிலேயே கலந்து பேசி ஒரு தாளில் எழுதி வாருங்கள். கடையில் வந்து யோசிக்கும்போது டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்.